நூறு வெள்ளி வந்தது, கணக்கு எப்போது வரும்?

அக்டோபர் வந்தால் நம் வீடுகளில் தீபாவளிப் பலகாரப் பேச்சோடு பட்ஜெட் பேச்சும் சேர்ந்துகொள்ளும். நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து நிற்கும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் கேள்வி வந்துவிடும்: "இந்த முறை நமக்கு என்ன?" 2025இல் நான் கேட்ட பேச்சுகளில் ஆவலைவிடச் சலிப்புதான் அதிகம். "கொடுக்கிறார்கள், எடுக்கிறார்கள். நடுவில் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை" என்றார், எங்கள் தாமானில் மளிகைக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர்.

அவர் சொல்வதை வெறும் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கான வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. அதே ஆண்டு ஜூன் 10ஆம் தேதி, தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே இரவில் ஏறியது. 2025 ஜூலை 1இல் விற்பனை, சேவை வரி மேலும் பல பொருள்களுக்கும் சேவைகளுக்கும் விரிந்தது. ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது.

கொடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டானது. தேசிய தினத்திலிருந்து, 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் எல்லாருக்கும் மைகாட் வழி 100 ரிங்கிட் சாரா உதவி கிடைத்தது. செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் விலை 1.99 ரிங்கிட்டாகக் குறைந்தது. ஆனால் நூறு வெள்ளி ஒருமுறை மளிகை வாங்கினால் தீர்ந்துவிடுகிறது. கடை ரசீதில் ஏறிய விலையோ ஒவ்வொரு வாரமும் வருகிறது.

வட்டிக்குப் போகும் பணம்

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டரசு அரசாங்கத்தின் கடன் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. 2025ஆம் ஆண்டுக்கான பட்ஜெட் 421 பில்லியன் ரிங்கிட். அதில் கடனுக்கான வட்டிக்கு மட்டும் 50 பில்லியனுக்கு மேல் போகிறது. சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியதே 45.3 பில்லியன்தான். அரசாங்க மருத்துவமனையில் விடியற்காலையிலேயே போய் எண் எடுத்துக் காத்திருக்கும் நம் அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பாருங்கள். சுகாதார அமைச்சுக்கான ஒதுக்கீட்டைவிட வட்டிச் செலவு பெரிது.

இதைச் சொன்னபோது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகும் என் அண்ணன் மகள் உடனே கேட்டாள்: "சித்தப்பா, இந்தக் கடனை வாங்கும்போது எங்களை யாராவது கேட்டார்களா?" கல்விக் கடன், கார் தவணை, வாடகை எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் நிற்பதை எண்ணிப் பார்க்கும் தலைமுறை அது. சிக்கனம் என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கோபத்தின் வேர்

மக்கள் வரி கட்டப் பழகியவர்கள்தான். 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தபோது முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அதே காலத்தில் 1எம்டிபி விவகாரம் வெடித்தது. அந்த நிதியிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. ஒரு பக்கம் குடும்பத் தலைவியின் ரசீதில் வரி, மறுபக்கம் கோடிக்கணக்கில் காணாமற்போன பணம். 2018 மே 9ஆம் தேதி நாடு என்ன தீர்ப்பு எழுதியது என்பது நமக்குத் தெரியும்.

அதன் பிறகும் படிப்பினைகள் நிற்கவில்லை. கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல்கள் கட்ட ஏறக்குறைய 9 பில்லியன் ரிங்கிட்டில் ஒப்பந்தம் போடப்பட்டது. 6 பில்லியன் கொடுத்த பிறகும் ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று 2022இல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வெளியிட்டது.

நம் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. இந்தியச் சமுதாயத்துக்கென ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்படும் மித்ராவின் மானியங்கள் குறித்து 2021இல் ஊழல் தடுப்பு ஆணையமே விசாரணையில் இறங்கியது. அந்தப் பணம் பி40 குடும்பத்துப் பிள்ளையின் பாலர் பள்ளிக் கட்டணமாக, தையல் வகுப்பாக, சிறுதொழில் முதலாகப் போக வேண்டிய பணம். அது வழிமாறினால் இழப்பு யாருக்கு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே "வயிற்றைக் கட்டுங்கள்" என்று எந்த அரசாங்கம் சொன்னாலும், "முதலில் ஓட்டையை அடையுங்கள்" என்று மக்கள் பதில் சொல்கிறார்கள். என் பார்வையில் அது நியாயமான பதில்.

கேட்டால் நடக்கும்

காப்பிக்கடையில் பேசிவிட்டுக் கலைந்து போவதால் எதுவும் மாறாது. விவரமாகக் கேட்டால் மாறும். 2025 ஜூலை வரி விரிவாக்கத்தில் இறக்குமதிப் பழங்களும் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் ஆப்பிள், ஆரஞ்சு, பேரீச்சம்பழம் ஆகியவை நடைமுறைக்கு வருமுன்பே விலக்கப்பட்டன. "விலைவாசி ஏறுகிறது" என்ற பொதுப் புலம்பல் இதைச் சாதிக்கவில்லை. குறிப்பிட்ட பொருளைச் சொல்லி, அதை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்ட குரல்தான் சாதித்தது.

கேட்பதற்கு வழிகளும் உண்டு. தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் இணையத்தில் கிடைக்கின்றன. எந்த அமைச்சில் எந்தத் திட்டம் தாமதம், எங்கே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது அதில் இருக்கும். 2024இல் திருத்தப்பட்ட கணக்காய்வுச் சட்டம், பொதுப்பணம் போய்ச் சேரும் நிறுவனங்கள்வரை தொடர்ந்து செல்ல அவருக்குக் கூடுதல் அதிகாரம் தந்திருக்கிறது. பட்டம் படித்து, எக்செல் தாளில் நாள் முழுக்க எண்களோடு புழங்கும் நம் இளையோர் ஓர் ஆலயக் குழுவிலோ பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ அரைமணி நேரம் அதை விளக்கலாம்.

அடுத்த முறை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தீபாவளி விருந்துக்கு வந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அதோடு ஒரே ஒரு கேள்வியும் கேளுங்கள்: "நம் தொகுதிக்கு இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது?" பதில் உடனே வராவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஆண்டும் அதையே கேளுங்கள்.