உங்களுக்குத் தெரியுமா? பின்னாலிருந்து தள்ளும் இன்ஜின்!

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலில் ஏறி, இன்ஜினை முன்பக்கம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். மலையேறும்போது அது கடைசியில் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறத்தாழ 20 கி.மீ. தூரத்துக்குச் சாதாரணத் தண்டவாளம் மட்டும் போதாது. ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி! அதனால் நடுவில் இரண்டு பற்சட்டங்கள். ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் நேருக்கு நேர் வராமல் மாற்றி அமைந்திருப்பதால், இன்ஜினின் பற்சக்கரத்துக்கு எப்போதும் பிடி உண்டு. இந்த ஏற்பாடு சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டது. பழைய ‘எக்ஸ்’ வகை நீராவி இன்ஜின்களும் அந்நாட்டு விண்டர்தூரில் பிறந்தவையே. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையும் புதிதாகச் செய்துகொடுத்தது.

ஒரு சிலிண்டர் ஜோடியில் வேலை முடித்த நீராவி வீணாவதில்லை. அடுத்த ஜோடிக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். சிக்கனம் என்றால் இது!

வழியில் ஹில்குரோவ் போன்ற காட்டு நிலையங்களில் ரயில் நிற்பது பயணிகளுக்காக அல்ல, இன்ஜினின் தாகத்துக்காக. அந்த இடைவெளியில் உங்கள் வடையைக் குரங்கு பறித்துக்கொண்டு போனால், அதற்கு ரயில்வே பொறுப்பல்ல.

1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் எட்டிய பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.