ஹைதராபாத் ஏரிகளில் தூண்டில்

டிரௌட் மீனைக் கரையில் நின்றபடியே தூண்டிலிட்டுப் பிடிப்பதற்கு ஹைதராபாத்தைச் சுற்றி ஏதேனும் ஏரி உண்டா என்று விசாரிக்கும் அன்பர்களுக்கு, இல்லை என்ற விடையை அந்த ஏரிகளின் உஷ்ணமே அளித்துவிடுகிறது. பத்து டிகிரி குளிர்ந்த நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரிக்குச் சூடேறிய நீரிலோ ஏழரை மில்லிகிராம் தங்குவதே அரிது. உஷ்ணம் ஏறஏற மீனின் தேகத்துக்குப் பிராணவாயு அதிகம் வேண்டியிருக்க, நீரிலோ அது குறைந்துகொண்டே போவதால், 20 டிகிரியைத் தாண்டினாலே தத்தளிக்கும் டிரௌட் தக்காணத்துக் கோடையில் பிழைப்பது அசாத்தியம். தென்னாட்டில் டிரௌட்டைக் குடியேற்றப் பிரான்சிஸ் டே 1860களில் முயன்றும் கைகூடாத காரியத்தை, 1907-இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை அமைத்துச் சாதித்தது நீலகிரியின் குளிரோடைகளை நம்பித்தான். இன்று ரங்காரெட்டி மாவட்டத்துக் கண்டுகூரிலும் டிரௌட் வளர்கிறது என்றாலும், அது குளிரூட்டிய நீர் சுழன்றோடும் தொட்டிக்குள்ளேதான்.

ஆயினும், விட்டு வளர்த்த மீனைத் தூண்டிலில் பிடிக்கும் இன்பத்துக்கு இங்கே குறைவில்லை. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டையினங்கள் பெருக்கெடுத்தோடும் ஆற்றிலன்றித் தேங்கிய நீரில் முட்டையிடா என்பதால், முன்காலத்தில் ஆற்று வெள்ளத்தில் குஞ்சு வாரி வந்து ஏரியில் விடுவார்கள்; 1957-இல் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இவற்றைப் பண்ணையிலேயே முட்டையிடச் செய்த பிறகுதான் ஏரிதோறும் குஞ்சு விடுவது சுலபமாயிற்று. மேல்நோக்கிய வாயுடைய கட்லா நீரின் மேற்பரப்பிலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடிச்சேற்றிலும் இரை தேடும் சுபாவமுடையவை. தக்கையிலிருந்து முள்ளுக்கு எத்தனை நரம்பு விடுவது என்பதை நிர்ணயிப்பது இதுவே.

1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளத்தின் பேரழிவுக்குப் பின் எழுந்த உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் போன்ற அகன்ற ஜலாசயங்களையும், நகரத்துச் சாக்கடை கலந்து பாசி படிந்த ஹுசைன் சாகரையும் ஒன்றாக எண்ணலாகாது. பாசி மிகுந்த ஏரியில் இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில் பிராணவாயு மிகவும் குன்றிவிடுகிறது. அப்போது மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு பசியென்று மயங்க வேண்டாம். அது மூச்சுத் திணறல். வெயில் ஏறிய பின்னரே அவை இரை தொடும். மழைநீர் வந்து விழும் வாய்க்கால் முகமும், காற்று அடித்து மிதக்கும் ஆகாரத்தை ஒதுக்கும் கரையுமே உட்காரத் தகுந்த இடங்கள்.

கொரமீனு என்று தெலுங்கர் கொண்டாடும் விரால் மட்டும் இந்த மூச்சுத் திணறலுக்கு விலக்கு. காற்றையே நேராகச் சுவாசிக்க வல்லதாகையால் கலங்கிய குட்டையிலும் அது சுகமாக வாழ்கிறது. மழைக்காலத்தில் கோரைப் புல்லருகே செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழுந்து அமிழக் கண்டால், தாயோ தந்தையோ அடியில் காவலிருக்கிறது என்று அறிந்து, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போய்விட வேண்டும். காவல் போனால் அத்தனை குஞ்சும் பிற மீன்களுக்கு இரையாகும்.

பெரும்பாலான ஏரிகளில் மீன்பிடி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுடையது. முதலில் அவர்களிடம் அனுமதி பெற வேண்டும். எந்த மாதம் எவ்வளவு பெரிய குஞ்சு விட்டார்கள் என்றும் கேட்டுக்கொண்டால், இவ்வாண்டு அந்த ஏரிக்குப் போகலாமா, அடுத்த ஆண்டு வரை பொறுக்கலாமா என்பது தெரிந்துவிடும்.