மணி பார்த்துச் சாப்பிடுங்கள் மதுரையில்!

"மதுரையில் எந்தக் கடையில் சாப்பிடலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு?" அவர்கள் முழிப்பார்கள். கடைப் பெயரைச் சொன்னால் கூகுள் மேப்பில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்ற அவசரம் அவர்களுக்கு. ஆனால் இந்த ஊரில் ஒரே கடை காலை ஏழு மணிக்கு அமர்க்களமாகவும் பதினொரு மணிக்குச் சுமாராகவும் இருக்கும். விலை மட்டும் இரண்டு நேரத்துக்கும் ஒன்றே! கொடுத்த காசுக்கு முழுப் பலன் வேண்டுமென்றால் பெயர்ப்பலகையை விட்டுவிட்டுச் சமையற்கட்டைப் பார்க்க வேண்டும். எனக்குச் சமையற்கட்டுப் பைத்தியம் உண்டு. கல்லாவில் இருப்பவரிடம், "அண்ணே, உள்ளே ஒரு எட்டு பார்த்துட்டு வரட்டுமா?" என்று கேட்டால், "போய்ப் பாருங்க, நமக்கென்ன ஒளிவு மறைவு" என்று சொல்லும் கடைகள் மதுரையில் நிறைய உண்டு. வாங்க, பின்கட்டுக்குப் போவோம்!

விடியற்காலை ஐந்து மணி. முதல் நாள் மாலை அரைத்த மாவு அண்டாவில் பொங்கி, மூடியை முட்டிக்கொண்டு நிற்கிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மதுரை வெயில் புளிக்கவைப்பதில் கெட்டிக்காரன். மாலையில் ஆட்டிய மாவு விடியும்போது சரியான பதத்துக்கு வந்துவிடும், ஒன்பது பத்து மணிக்குள் அதைத் தாண்டியும் போய்விடும். தட்டில் ஈரத்துணி விரித்து, மாவை ஊற்றி, கொப்பரைக்குள் இறக்குகிறார் மாஸ்டர். பத்து நிமிஷம் ஆகிறது. தட்டைக் கவிழ்த்துத் துணி மேல் தண்ணீர் தெளித்து உரித்தால், அடடா, அந்த ஆவி! பக்கத்தில் தேங்காய்ச் சட்னியின் முதல் அரைப்பு தயாராக இருக்கிறது. இந்தத் தேங்காய்ச் சட்னிதான் கடையின் கடிகாரம். சூட்டில் முதலில் கெடுவது அதுதான், கூட்டம் ஏறினால் முதலில் தண்ணீர் ஏறுவதும் அதில்தான். ஏழு மணிக்குள் போய் உட்காருங்கள். கெட்டிச் சட்னியும், பஞ்சு இட்லியும், நீர்த்துப்போகாத சாம்பாரும் உங்களுக்கு.

பத்து மணிக்கு அந்த மாவு என்ன ஆகிறது? நல்ல கடைக்காரர் அதை இட்லியாக ஊற்ற மாட்டார். வெங்காயத்தைத் தூவி ஊத்தப்பம் ஆக்கிவிடுவார், மாலையில் குழிப்பணியாரத்துக்கு வைத்துக்கொள்வார். அதனால் தாமதமாக எழுந்தவர்கள் இட்லி கேட்க வேண்டாம், ஊத்தப்பம் கேளுங்கள். புளிப்புக்கும் வெங்காயத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்!

அடுத்து, இந்த ஊரின் பெரிய ரகசியம். மதுரைச் சமையற்கட்டுகளை ஓட்டுவது மீனாட்சி அம்மன் கோயில் மணி. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் அடுக்கடுக்காகச் சதுரம் போட்டிருக்கின்றன. பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் நடை சாத்துகிறார்கள், மாலை நாலு மணிக்குத்தான் மறுபடி திறக்கிறார்கள். அத்தனை கூட்டமும் பசியோடு ஒரே நேரத்தில் வீதிக்கு வருகிறது. பன்னிரண்டே முக்காலுக்கு நீங்கள் மெஸ் வாசலில் நின்றால், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இடத்துக்குக் காத்து நிற்க வேண்டியதுதான். சர்வருக்கும் நிதானம் போய்விடும். அதனால் பன்னிரண்டு அடிப்பதற்குள் உள்ளே இருங்கள். தரிசனத்தைக் காலையிலேயே முடித்துவிடலாம், கூட்டமும் குறைவு.

மெஸ் பின்கட்டைப் பற்றி மட்டும் ஒரு புத்தகமே எழுதலாம்! அதிகாலையிலேயே ஆட்டுக்கறி வந்து இறங்கிவிடும். பின்வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். கூடை கூடையாக, கண்ணில் நீர் வழிய, பேச்சு நிற்காமல். ஒருபக்கம் மிளகும் சீரகமும் அரைபடுகிற வாசனை. இன்னொரு பக்கம் உயிரோடு துள்ளும் அயிரை மீன். அதைப் பாலில் விடுகிறார்கள். பாலைக் குடித்து மீன் வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிவிடும். அப்புறம் கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவி, புளிக்குழம்பில் போடுகிறார்கள். விரல் நீள மீனுக்கு இத்தனை வேலை! அயிரை மீன் குழம்பு விலை ஏன் அப்படி எகிறுகிறது என்று அடுப்படியில் நின்று பார்த்தவர் கேட்க மாட்டார்.

முன்பக்கம் வாங்க. இலை போட்டதும் சர்வர் ஒரு பெரிய தட்டைத் தோளில் ஏந்தி வருவார். சுக்கா, ஈரல், குடல், மூளை, கோலா உருண்டை, காடை, விரால் வறுவல் என்று கிண்ணம் கிண்ணமாக அதில் ஜொலிக்கும். "எதை வைக்கட்டும்ணே?" என்று கேட்டபடியே ஒன்றை இலைக்கு நேரே நீட்டுவார். உங்கள் பில் எழுதப்படும் இடம் அந்தத் தட்டுதான். பல மெஸ்களில் வெறும் 'சாப்பாடு' என்று சொன்னாலே ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சில இடங்களில் நண்டுக் குழம்புகூட, ரசம், மோர் எல்லாம் வந்துவிடும், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். தனி விலை, தட்டில் இருப்பவற்றுக்கு. இருவர் போனால் இரண்டு சாப்பாடும் நடுவில் ஒரு சுக்காவும் போதும். விலையை முதலிலேயே கேளுங்கள். மதுரையில் அது மரியாதைக் குறைவே கிடையாது. "சுக்கா எவ்ளோண்ணே?" என்றால் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சொல்லத் தயங்கினால் அந்தக் கிண்ணத்தைத் தொடாதீர்கள்.

சரி, எந்த மெஸ்? உள்ளே சாப்பிடுகிறவர்களைப் பாருங்கள். விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைப் பையன்கள், பூ கட்டுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், வங்கி ஊழியர்கள் என்று ஊர்க்காரர்கள் தினமும் சாப்பிடும் கடையில் விலையும் ருசியும் தடம் மாறவே முடியாது. நம்மைப் போல் வந்து போகிறவர்களை ஒரு முறை ஏமாற்றலாம். நாளைக்கும் பசியோடு வரப்போகிறவரை ஏமாற்றினால் கடை படுத்துவிடும். வாசலில் பெட்டி படுக்கையோடு இறங்கும் வெளியூர்க்காரர்கள் மட்டுமே தெரிகிறார்களா? அடுத்த தெருவுக்கு நடங்கள். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் மொட்டைமாடி உணவகங்கள் உண்டு. அங்கிருந்து அந்தியில் கோபுரங்களைப் பார்ப்பது பேரழகு, கட்டாயம் ஏறுங்கள். ஏறி, ஒரு காபி குடித்துவிட்டு இறங்குங்கள். சாப்பாட்டுக்குக் கீழே வாருங்கள்.

வரி விஷயத்தையும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டல் வளாகத்தில் சாப்பிட்டால் 18 சதவீதம். இட்லி அதே இட்லிதான்! ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்கும் சிறு கடைகள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் உங்களிடம் வரியைத் தனியாக வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்ப்பதற்கும் அனுமதி கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதை அறிவித்தது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பில்லில் அந்தக் கட்டணம் இருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

நாலரை மணிக்கு எண்ணெய்ச் சட்டிகள் சூடேறுகின்றன. முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி, பொரித்து, இட்லிப்பொடி தூவித் தருகிறார்களே, அந்தப் பச்சை வடை! சௌராஷ்டிரர் குடும்பங்கள் வாழும் தெருக்களில் தேடுங்கள். கூடவே தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, வெல்லமும் சுக்கும் ஏலமும் தேங்காய்ப்பூவும் போட்டுக் காய்ச்சியது. ஒரு டம்ளர் குடித்தால் இரவு வரை பசி எட்டிப் பார்க்காது. ஊரிலேயே காசுக்கு அதிகம் தருவது இந்த டம்ளர்தான் என்பது என் தீர்ப்பு. ஜிகர்தண்டாவுக்கு வெயில் நேரமே பொருத்தம். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சின்ன டம்ளரே போதும்.

இருட்டியதும் பரோட்டாக் கல்! இதற்காகத்தான் நான் மாலையிலிருந்தே தவித்துக்கொண்டிருப்பேன். பிற்பகலிலேயே மைதா பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணிக்கு அடியில் ஊறவிட்டிருக்கிறார் மாஸ்டர். உருண்டையைத் தட்டி எடுத்து ஒரு வீசு. துணி உதறுவதுபோல அது காற்றில் விரிகிறது, விளக்கு வெளிச்சம் அதில் ஊடுருவித் தெரிகிறது. சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் ஐந்தாறை அடுக்கி இரண்டு பக்கமும் ஓங்கி ஓர் அடி. அடுக்கெல்லாம் உதிர்ந்து மலர்கிறது. கைதட்டத் தோன்றும்! ஏழரைக்குப் போனால் கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும். சால்னாவுக்குக் காசில்லை, ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பரோட்டாவைத் தொடுவதற்கு முன் சால்னாவை நக்கிப் பாருங்கள். இலவசமாகத் தருவதிலேயே கை சுருக்காத கடை மற்றதிலும் சுருக்காது. ஆறிய பரோட்டாக்கள் பத்து மணிக்கு மேல் கொத்துக்குப் போகும். முட்டையும் சால்னாவும் சேர்ந்து அவை மறுபிறவி எடுக்கும், எனவே கொத்து பரோட்டாவை இரவு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிம்மக்கல் கோனார் கடைக் கறிதோசையும் ராத்திரிச் சாப்பாடுதான். தோசை மேல் முட்டை, முட்டை மேல் கறி என்று கனமாக இருக்கும். ஒன்றை இருவர் பங்கிட்டால் சரியாக இருக்கும். பள்ளியறை பூஜை முடிந்து ஒன்பதரை வாக்கில் கோயில் கூட்டம் மறுபடி வெளியே வரும், அதற்குள் இடம் பிடித்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். சர்வீஸ் சார்ஜில் மிச்சம் பிடித்த காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். இலை எடுக்கும் அக்காவுக்கும், தட்டேந்தி வந்த சர்வருக்கும், கல் சூட்டில் மணிக்கணக்காக நிற்கும் மாஸ்டருக்கும் அதை அவரவர் கையிலேயே கொடுங்கள்.