இரண்டு மடங்கு விற்பனையா, இன்னும் பத்து ரூபாய் லாபமா? எல்லையோரக் கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவருக்குப் புதுச்சேரி தொடங்கும் ஊர் கனகசெட்டிக்குளம். வடக்கே விழுப்புரம் மாவட்டம். தெற்கே காலாப்பட்டைத் தாண்டினால் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று மறுபடியும் தமிழ்நாடு. அதற்கப்புறம்தான் புதுச்சேரி நகரம். இந்த ஊரில் கடை வைத்திருப்பவர், 'அடுத்த வருஷம் வியாபாரத்தை இரண்டு மடங்காக்கணும்' என்று முடிவெடுக்கும் முன் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்வது நல்லது.

ஒரு கருவாட்டுக் கடையை வைத்துப் பார்ப்போம். தினம் 4,000 ரூபாய் வியாபாரம், வருஷத்தில் 300 நாள் கடை திறப்பு. ஆண்டு விற்பனை 12 லட்சம். கொள்முதல், வாடகை, வண்டிச் செலவு எல்லாம் போக நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் நிற்கிறது என்றால் வருஷத்துக்கு 1,80,000, அதாவது மாதம் 15,000 ரூபாய். பிள்ளையின் கல்லூரிச் செலவு வருகிறது. மாதம் 25,000 வேண்டும். இதுதான் உண்மையான இலக்கு. விற்பனை எவ்வளவு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

அந்த 25,000-ஐ எட்ட இரண்டு வழி உண்டு. லாபம் அதே பதினைந்தாக இருந்தால் ஆண்டு விற்பனை 20 லட்சமாக வேண்டும்; தினம் 4,000 விற்ற கடை 6,667 விற்க வேண்டும். இல்லாவிட்டால், விற்பனையை 12 லட்சத்திலேயே வைத்துக்கொண்டு, நூற்றுக்குப் பதினைந்து நிற்பதை இருபத்தைந்தாக்கலாம். கரையில் நேரடியாக மீன் எடுத்துத் தானே காயவைப்பது, வீணாகும் சரக்கைக் குறைப்பது, கடனுக்குச் சரக்கு வாங்கிக் கூடுதல் விலை கொடுப்பதை நிறுத்துவது என்று அதற்கான வேலைகள் வேறு. கடைக்காரர்கள் பெரும்பாலும் முதல் வழியையே இலக்கு என்று நினைக்கிறார்கள். சிறிய கடைக்கு இரண்டாவதைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும் என்பேன்.

காரணம் இருக்கிறது. விற்பனை கூடினால் வரிப் பதிவு குறுக்கே வரலாம். ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு, பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம். புதுச்சேரியில் 20 லட்சம்தான். கருவாட்டைத் தராசில் நிறுத்து அப்படியே விற்கும்வரை அது வரிவிலக்குச் சரக்கு. அதை மட்டும் விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. பொட்டலம் கட்டி, லேபிள் ஒட்டி விற்றால் 2022 ஜூலையிலிருந்து வரி உண்டு. கொஞ்சம் சரக்கை அப்படி விற்கத் தொடங்கினாலும், தராசில் விற்றதையும் சேர்த்தே அந்த 20 லட்சம் கணக்கிடப்படும். வரி உள்ள அந்தப் பொட்டலத்தைக் கோட்டக்குப்பத்துக் கடைக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு. தொகை சிறியதானாலும் பதிவு வேண்டும். பதிவு செய்வதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கணக்கருக்குக் கொடுக்கும் கட்டணமும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வேலையும் இலக்குக் கணக்கில் முன்கூட்டியே ஏற வேண்டும்.

அடுத்தது நாள்காட்டி. இலக்கைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு இவ்வளவு என்று எழுதுவது கடற்கரை ஊருக்குப் பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வெயில் உண்டு, மீன் வரத்து குறைவு. வடகிழக்குப் பருவமழையில் காயவைக்க வெயில் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களின் இலக்கு பெரிதாகவும், மே, நவம்பர் மாதங்களின் இலக்கு சிறிதாகவும் இருப்பதே நேர்மையான கணக்கு. தடைக்காலத்துக்கு எத்தனை கிலோ இருப்பு வேண்டும் என்பதே தனி இலக்காக எழுதத் தக்கது.

யாருக்கு விற்பது என்ற முடிவும் எண்ணைப் போலவே முக்கியம். பக்கத்துக் கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பெரிய நிறுவனங்கள் நகரத்தில் பாட்டில் வாங்குபவரைக் குறிவைத்தபோது, அவர் கிராமத்தில் ஒரு தலைக்குளியலுக்கு மட்டும் வாங்குபவரைக் குறிவைத்தார். பின்னால் 50 காசு சாஷே வரை கொண்டுவந்தார். அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர். கனகசெட்டிக்குளத்துக் கடைக்காரருக்கும் அதே கேள்வி: பிம்ஸ் மருத்துவமனைக்கு வருபவர்களா, காலாப்பட்டுப் பல்கலைக்கழக மாணவர்களா, சாலையில் காரை நிறுத்தும் சென்னைக்காரர்களா, உள்ளூர்க் குடும்பங்களா? நால்வருக்கும் ஒரே சரக்கு செல்லாது.

உளவியலாளர் எட்வின் லாக் 1968-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, 'முடிந்ததைச் செய்' என்பதைவிடத் தெளிவான, சற்றுக் கடினமான இலக்கே மனிதரை அதிகம் உழைக்க வைக்கிறது என்று காட்டியது. கடைக்கு அந்தத் தெளிவு தினக் கணக்குச் சிட்டையிலிருந்துதான் வரும். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுக்கும் பணத்தையும் அதில் எழுதாவிட்டால், நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்பதே தெரியாது.

புதிய நிதியாண்டு ஏப்ரல் 1-ல் பிறக்கிறது, இரண்டு வாரத்தில் தடைக்காலம் வந்துவிடும். எனவே பிப்ரவரியிலேயே உட்கார்ந்து, கையில் நிற்க வேண்டிய தொகையை முதலில் எழுதுங்கள். விற்பனை எண்ணை அதன்பிறகு எழுதலாம்.