சக்கர வீட்டுக்குள் மழை!

முதலில் ஒரு விடுகதை.

கூரை உண்டு, கொல்லை இல்லை. அடுப்பு உண்டு, அஸ்திவாரம் இல்லை. படுத்துத் தூங்கினால் இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர். அது என்ன?

கண்டுபிடித்து விட்டீர்களா? 'கேரவன்' என்று சொல்கிறோமே, அந்தச் சக்கர வீடுதான்! சினிமா படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டில், சிறிய சமையலறை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் ஒரு வண்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதன் பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இந்த வண்டி மீது ஆசை வந்துவிட்டது.

ஆனால், இந்த வீட்டுக்குப் பெரிய எதிரி ஒன்று உண்டு. திருடன் இல்லை, எலியும் இல்லை. மழைத் தண்ணீர்! மழையில் கெட்டுப்போன ஒரு பழைய சக்கர வீட்டை மறுபடியும் எப்படி உயிர்ப்பிக்கிறார்கள்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நாயும் கிளியும் போன வீடு

உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் எது என்று கேட்டால், 1885இல் இங்கிலாந்தில் செய்த 'வாண்டரர்' என்ற வண்டியைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். 'ஊர்சுற்றி' என்பது அந்தப் பெயரின் பொருள். அதை ஆசையாகச் செய்யச் சொன்னவர் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படையில் மருத்துவராக இருந்தவர். சிறுவர்களுக்காகச் சாகசக் கதைகள் எழுதியவர். பிரிஸ்டல் நகரில் ரயில் பெட்டிகள் செய்யும் ஆலையில் அந்த வண்டி உருவானது. எஞ்சின் கிடையாது, இரண்டு குதிரைகள் இழுத்தன. வண்டிக்குள் ஒரு நாயும் ஒரு கிளியும்கூடப் பயணம் செய்தன. தெற்கு இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் நகரம் வரை போனார் அந்த மருத்துவர்.

மரத்தால் செய்த அந்த வண்டியை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் ஒரு மர வண்டி நிலைக்கிறது. வேறொரு வண்டி பத்தே ஆண்டில் இற்றுப் போகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள பெரிய வித்தியாசம், ஈரம் உள்ளே போனதா இல்லையா என்பதுதான்.

ஏற்காட்டில் நிறுத்தினால்?

ஒரு கற்பனை செய்வோம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரம், சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில், ஒரு பழைய கேரவன் சில ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. நீளம் 6 மீட்டர், அகலம் 2 மீட்டர். அப்படியானால் கூரையின் பரப்பு 12 சதுர மீட்டர்.

சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை, இடையில் கோடை மழை என்று மூன்றும் அங்கே பெய்யும். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். கணக்குப் போடுங்கள்: 12 x 1,500 = 18,000 லிட்டர்! 15 லிட்டர் குடமாக எடுத்தால் 1,200 குடம். ஓர் ஆண்டில் அந்தக் கூரை தலையில் விழும் தண்ணீர் இவ்வளவு. அதில் நூறு குடத்தில் ஒரு குடம் உள்ளே போனால்கூடப் போதும், வண்டி பாழ்!

சரி, நன்றாகச் செய்த கூரையில் எப்படி ஓட்டை விழுகிறது? அதற்கு வெயிலும் ஒரு காரணம். நண்பகல் வெயிலில் கூரைத் தகடு கொதிக்கும். இரவுக் குளிரில் சில்லென்று ஆகிவிடும். 40 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள இரும்புச் சட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் நீளும். ஒட்டிப் பிறந்த இருவரில் ஒருவன் ஓர் அடி வைக்கும்போது மற்றவன் அரை அடி வைத்தால் என்ன ஆகும்? தையல் பிரியும்! தகட்டையும் சட்டத்தையும் இணைக்கும் ரிவெட்டுகள் தளர்கின்றன. இணைப்பில் பூசிய பசை வெடிக்கிறது. தலைமுடி அளவு விரிசல்தான். தண்ணீருக்கு அதுவே வாசல்.

தண்ணீர் செய்யும் தந்திரம்

ஓட்டு வீட்டில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஓடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உடைந்த ஓடு இரண்டு முழம் தள்ளி மேலே இருக்கும். உள்ளே நுழைந்த தண்ணீர், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்து வந்து, தனக்கு வசதியான இடத்தில் சொட்டும்.

கேரவனிலும் இதே கதைதான். கூரையில் காற்றுப் போக்கியைச் சுற்றி நுழையும் தண்ணீர், கூரைக்குள் ஓடும் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவர் வழியே இறங்கி, கட்டிலுக்கு அடியில் தரைப் பலகையில் போய்த் தேங்கும். மேலே எதுவுமே தெரியாது. ஆண்டுகள் கழித்து ஒருநாள் காலை வைத்தால் தரை 'பொதுக்' என்று அமுங்கும்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் தெரியும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. தெரியும் இடத்தில் மட்டும் புதுப் பலகை அடித்து, பெயின்ட் பூசி மூடினால், அது சரிசெய்வது ஆகாது, மறைப்பதுதான் ஆகும். அடுத்த மழைக்குப் புதுப் பலகையும் போய்விடும்.

செய்து பாருங்கள்

ஒரு முழம் நூலை நன்றாக நனையுங்கள். ஒரு முனையைத் தண்ணீர் உள்ள குவளைக்குள் போட்டு, விளிம்பில் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையைச் சற்றுத் தள்ளி, தாழ்வாக வைத்த காலி டம்ளருக்குள் விடுங்கள். நூல் விறைப்பாக இருக்கட்டும். இப்போது குவளையை மெல்லச் சாய்த்தால், தண்ணீர் நேராகக் கீழே விழாமல் நூலைப் பிடித்துக்கொண்டே நடந்து போய் டம்ளரில் விழும். கூரைக்குள் மின்கம்பி வழியே தண்ணீர் போவதும் இப்படித்தான்.

இன்னொன்று. தட்டில் கொஞ்சம் நீல மை கலந்த தண்ணீரை ஊற்றி, ஒரு சாக்பீஸை நட்டு வையுங்கள். நீலம் மேலே ஏறுகிறதா? சாக்பீஸில் இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழியே தண்ணீர் மேல்நோக்கியும் ஏறும். அதனால்தான் தரையில் தேங்கிய ஈரம் சுவர்ப் பலகைக்கும் பரவுகிறது.

மருத்துவர் போல ஒரு சோதனை

பழைய வண்டியைப் பிரிக்கும் முன் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். முதல் கருவி மூக்கு! கதவைத் திறந்ததும் பூசண வாடை அடித்தால் ஈரம் எங்கோ இருக்கிறது. இரண்டாவது காது. பலகையைத் தட்டினால் நல்ல மரம் 'டொக்' என்று ஒலிக்கும். இற்ற மரம் 'பொத்' என்று மந்தமாக ஒலிக்கும். மூன்றாவது, ஈரமானி. இரண்டு ஊசிகள் கொண்ட இந்தச் சிறு கருவியை மரத்தில் குத்தினால் அதில் எவ்வளவு ஈரம் என்று காட்டிவிடும். ஈர மரம் காய்ந்த மரத்தைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? அதை வைத்துத்தான் கணக்கு.

மரத்தில் உள்ள ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், மரத்தைத் தின்னும் பூஞ்சை வளராது. அதற்கு மேலே போய், அப்படியே நீடித்தால் ஆபத்து.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒருவர் வெளியே குழாயில் தண்ணீர் பீய்ச்சுவார். இன்னொருவர் உள்ளே விளக்குடன் பார்ப்பார். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கீழிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால், தண்ணீர் வண்டி முழுவதும் வழிந்து, எந்த வழியாக நுழைந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

காப்பாற்றலாமா, கைவிடலாமா?

இதுதான் கடினமான கேள்வி. வண்டியின் முதுகெலும்பு சேஸிஸ் என்னும் இரும்பு அடிச்சட்டம். எஞ்சின், சக்கரம், மேலே உள்ள வீடு எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். பலகை இற்றால் மாற்றலாம், தகடு கிழிந்தால் மாற்றலாம். சேஸிஸ் துருவால் அரிக்கப்பட்டுப் பொத்தல் விழுந்திருந்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதுதான் நல்லது.

ஏன் என்றால், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் எடை ஒரு பக்கமாகச் சாயும். இருக்கையையும் கட்டிலையும் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இற்ற தரையில் இருந்தால், பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே அமர்ந்திருப்பது ஒரு குடும்பம். ஆகவே, அடியில் படுத்துப் பார்த்து, உறுதி என்று தெரிந்த பிறகே வண்டியை ஓட்டி இறக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

வண்டிக்கு உடம்பு கட்டும் ஊர்கள்

மலையிலிருந்து இறங்கினால் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் காத்திருக்கிறது. சேலத்துக்குத் தெற்கே இருக்கும் நாமக்கல், லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர். இன்னும் தெற்கே கரூர், பேருந்துகளுக்குப் பாடி கட்டுவதில் புகழ் பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் போனது.

நெடுஞ்சாலையில், வெறும் எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டும் உள்ள ஒரு வண்டியை, தலைக்கவசம் அணிந்த ஓட்டுநர் ஓட்டிப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் பாடி கட்டாத சேஸிஸ். தொழிற்சாலையில் பிறந்து, இப்படிப்பட்ட ஊர்களுக்கு உடம்பு வாங்கப் போகிறது! ஒரு காலத்தில் மரச்சட்டமே அதிகம். இப்போது பேருந்துகளுக்கு இரும்புக் குழாய்ச் சட்டங்கள் வந்துவிட்டன. புதிய உடம்பு கட்டும் கைகளுக்குப் பழைய உடம்பைப் பிரித்துக் கட்டவும் தெரியும்.

மறுபிறவி இப்படித்தான்

முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். வீடு எரியும்போது தீயை அணைத்த பிறகுதானே வெள்ளையடிப்போம்?

அடுத்து, உள்ளே உள்ள பலகைகளைக் கழற்ற வேண்டும். பூஞ்சைத் தூசி மூச்சில் போகாமல் இருக்க முகமூடி அவசியம்.

பிறகு உலர்த்துதல். மூடுபனி நிறைந்த மலையில் மரம் எளிதில் காயாது. சேலத்தின் வறண்ட காற்று இதற்கு நல்ல நண்பன். ஈரமானி சரி என்று சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மூடினால், ஈரத்தையும் பூஞ்சையையும் உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகும்.

இற்ற சட்டங்களை எல்லாம் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றை எடுத்து, அதே அளவில் அட்டையில் வெட்டிப் பார்த்து, புதியதைப் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கோணிக்கொள்ளும்.

தரைக்கு எல்லா பிளைவுட்டும் ஆகாது. கப்பல், படகு வேலைக்கென்று 'மரைன் பிளைவுட்' என ஒரு வகை உண்டு. அதன் மாதிரியை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிப்பார்கள். அப்படியும் அடுக்குகள் பிரியக் கூடாது!

அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளவும் விடக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஈரம் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்து, அலுமினியத்தை அரித்துவிடும். அதனால் நடுவில் ரப்பர் பட்டையோ பெயின்ட் பூச்சோ இருக்க வேண்டும்.

கடைசியில் கூரை. கீழே உள்ள தகட்டின் மேல் மேலே உள்ள தகடு ஏறி உட்கார வேண்டும். கீற்று வேய்வதும் ஓடு வேய்வதும் அப்படித்தானே? இணைப்புகளுக்கு, தகடு நீளும்போது தானும் நீண்டு கொடுக்கும் பசையைப் பூச வேண்டும். எல்லாம் முடிந்ததும் மறுபடியும் குழாய்த் தண்ணீர்ச் சோதனை. இந்தத் தேர்வில் 99 மதிப்பெண் எடுத்தாலும் தோல்விதான், 100 வேண்டும்!

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வேனைத் தன் விருப்பம்போல வீடாக மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி தேவை. எரிவாயு, மின்சார வேலைகளைத் தெரிந்த பெரியவர்களே செய்ய வேண்டும்.

வீட்டுப்பாடம்

உங்கள் ஊரில் ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டு மாடியின் நீள அகலத்தை அளந்து, அதன்மேல் ஆண்டுக்கு எத்தனை குடம் தண்ணீர் விழுகிறது என்று கணக்கிடுங்கள். பிறகு அப்பா அல்லது அம்மாவுடன் மாடிக்குப் போய், அத்தனை தண்ணீரும் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள். அந்த வழியில் சருகும் குப்பையும் அடைத்திருந்தால், அடுத்த மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கூரை உங்களுக்கு நன்றி சொல்லும்!