பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியேறும் முன்

பணி ஓய்வுக்குப் பின் மகன், மகள் இருக்கும் நாட்டுக்கே போய்விடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்வது நல்லது.

முதலாவது, தங்கும் உரிமை. அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த பிள்ளை பெற்றோரின் கிரீன் கார்டுக்கு, அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, மனு செய்யலாம். பிள்ளையிடம் இருப்பதே கிரீன் கார்டுதான் என்றால் முடியாது. கனடா பெற்றோருக்குத் தரும் சூப்பர் விசாவில், 2022 ஜூலை முதல், ஒரு முறை போனால் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். ஆனால் அது நிரந்தரக் குடியேற்றம் ஆகாது. ஆஸ்திரேலியாவில் விரைவான வழி எனப்படும் பெற்றோர் விசாவுக்கே ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவாகும். காத்திருப்பும் பத்து ஆண்டுகளைத் தாண்டும். பிரிட்டன் 2012இல் விதிகளை இறுக்கியபின், அன்றாடப் பராமரிப்பு தேவைப்படுகிற, அது சொந்த நாட்டில் கிடைக்காத பெற்றோருக்கே கதவு திறக்கிறது.

இரண்டாவது, மருத்துவச் செலவு. இதில்தான் பல குடும்பங்கள் திணறுகின்றன. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரில், அங்கே வேலை செய்திராத பெற்றோர் 65 வயதுக்குப் பிறகு பணம் கட்டிச் சேரவே, கிரீன் கார்டோடு 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தப் பாலிசியை வரிவரியாகப் படியுங்கள். பயணத்துக்கு முந்தைய சில மாதங்களில் சர்க்கரை மாத்திரையின் அளவு மாறியிருந்தாலே, அந்த நோய்க்கான செலவைத் தர மறுக்கும் பாலிசிகள் உண்டு.

மூன்றாவது, ஊரில் இருப்பவை. ஓய்வூதியம் தொடரும், ஆனால் ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று தர வேண்டும். வெளிநாட்டிலேயே குடியேறிவிட்டால் வங்கிச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இருக்கும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்க முடியாது.

இவற்றோடு அன்றாட வாழ்க்கையையும் பாருங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, கார் ஓட்டத் தெரியாதவர்கள் கடைக்கும் கோயிலுக்கும் எப்படிப் போவார்கள்? பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள்? கணவன், மனைவி இருவரும் தனித்தனியே பதில் சொல்லட்டும்.

விதிகள் அடிக்கடி மாறுவதால் ஏஜென்ட் சொல்வதோடு நிற்காமல் அந்தந்த அரசின் இணையதளத்தில் சரிபாருங்கள். முதலில் பார்வையாளர் விசாவில் போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பாருங்கள். அதுவரை ஊரில் இருக்கும் வீட்டை விற்காதீர்கள்.