பழைய காரின் பிரேக் குழாய் ஏன் வெடிக்கிறது?
கனடாவில் குளிர்காலச் சாலைகளில் பனிக்கட்டி உருக உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புநீர் காரின் அடியில் ஓடும் எஃகு பிரேக் குழாயை, குறிப்பாகக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில், அரித்துத் தின்கிறது. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் உச்சத்துக்கு ஏறும். மெலிந்த குழாய் வெடிப்பதும் அந்த நொடியில்தான். கொடுமை அதுவே.

மாற்றாகத் தூய செம்பு போடலாமா? எளிதில் வளையும், ஆனால் அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். சுமார் 10% நிக்கல் கலந்த செம்பு துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். முனையை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்த வேண்டும். ஒற்றை மடிப்பு பிளந்துவிடலாம். பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். பிரேக் திரவம் எளிதில் அமுங்காது. காற்று அமுங்கும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும்.

ஒரு குழாய் போனால் மற்ற எஃகுக் குழாய்களையும் மாற்றிவிடுங்கள் என்பேன். அவையும் அதே உப்பில் ஊறியவைதானே.